பதினெட்டாம் மாதத்துக் கேள்வி: ஓட்டிசமும் ஆரம்பகாலப் பயிற்சியும்

2009ஆம் ஆண்டில், கொழும்புப் பல்கலைக்கழகத்தின் உளமருத்துவப் பேராசிரியை ஹேமமாலி பெரேராவும் அவருடைய சகாக்களும், இலங்கையின் அரைநகர்ப் பிரதேசமொன்றில் 18 முதல் 24 மாதப் பிராயத்துப் பிள்ளைகள் 374 பேரைப் பரிசோதித்து வெளியிட்ட ஆய்வானது, இந்நாட்டில் ஓட்டிசம் பற்றிப் பேசுவோர் பலரும் இன்றளவும் எடுத்தாளும் ஓர் எண்ணை நமக்கு அளித்தது: 93 பிள்ளைகளில் ஒருவர். அந்த எண் பெற்ற பிரசித்தியில் காற்பங்கையேனும் அதே ஆய்வின் மற்றொரு பெறுபேறு பெறவில்லை. ஐக்கிய அமெரிக்காவில் 2001இல் உருவாகி, பல தேசத்துக் குழந்தை வைத்தியர்களின் மேசைகளில் இடம்பிடித்த ‘எம்-சாட்’ என்னும் வினாக்கொத்து, வைத்திய பரிசோதனையில் ஓட்டிசம் உள்ளதென நிர்ணயிக்கப்பட்ட பிள்ளைகளுள் நான்கிலொரு பங்கினரையே இனங்கண்டது. ஏனையோரின் தாய்மார் அளித்த விடைகளைக் கூட்டிப் பார்த்தபோது, அப்பிள்ளைகள் குறையேதும் இல்லாதவர்களாகவே தாளில் தோன்றினர்.

ஓட்டிசமுள்ள சிறுபிள்ளைகளுக்கு எந்தப் பயிற்சியை, கிழமைக்கு எத்தனை மணித்தியாலம், எந்த நிலையத்தில் அளிப்பது என்பதே கொழும்பின் வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் வசதியுள்ள பெற்றோர் இன்று பெரிதும் விசாரிக்கும் விஷயமாக இருக்கின்றது. கடந்த நாற்பது ஆண்டுகளில் இத்துறையில் நிகழ்ந்த பரீட்சைகளை வரிசைப்படுத்திப் பார்ப்போருக்கோ, மணிக்கணக்கைக் காட்டிலும் முக்கியமான மூன்று கேள்விகள் எழுகின்றன: பிள்ளையின் நிலையை முதலில் யார், எப்போது காண்கிறார், அதன் பின் பிள்ளையோடு நாள் முழுதும் பழகுபவர் என்ன கற்றுக்கொள்கிறார், அந்தப் பழக்கம் எந்தப் பாஷையில் நடக்கிறது. இம்மூன்று கேள்விகளையும் நம் ஊரில் வைத்து ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

முதலாவது கேள்வியை எடுத்துக்கொள்வோம். வெள்ளவத்தைக் கடற்கரையோரத் தொடர்மாடியொன்றின் பல்கனியில் தாயின் இடுப்பில் இருக்கும் பதினைந்து மாதக் குழந்தையை நினைத்துப் பாருங்கள். மரைன் டிரைவுக்கும் கடலுக்கும் நடுவே கோட்டையிலிருந்து காலி நோக்கிப் புகையிரதம் ஒன்று கூவிக்கொண்டு போகிறது. குழந்தை சுட்டுவிரலை நீட்டுகிறது. நீட்டிய கையை எடுக்காமலே திரும்பித் தாயின் முகத்தைப் பார்க்கிறது. தாயும் புகையிரதத்தைப் பார்க்கிறாள் என்று கண்டவுடன் மறுபடி அதன் பக்கம் திரும்பிச் சிரிக்கிறது. புகையிரதத்தை எடுத்துத் தரும்படி அது கேட்கவில்லை. தான் கண்டதைத் தாயும் காணவேண்டும் என்பதொன்றே அதன் வேண்டுகோள். இணைந்த கவனம் என்று ஆய்வாளர் வழங்கும் இச்செயலிலிருந்தே சொல்லும் பெயரும் சம்பாஷணையும் பிற்பாடு கிளைக்கின்றன. அடுத்த வீட்டுப் பிள்ளையொன்று தண்ணீர் வேண்டுமானால் தாயின் மணிக்கட்டைப் பிடித்து இழுத்துச் சென்று, அவள் கையைத் தூக்கிக் குழாயின் மேல் வைக்கிறது, முகத்தைப் பார்ப்பதில்லை. காரியம் கைகூடிவிடுவதால், இரண்டுக்கும் இடையிலுள்ள வேறுபாடு வீட்டாருக்குப் புலப்படாமலே மாதங்கள் கழிந்துவிடுகின்றன.

ஆம் அல்லது இல்லை என்று விடையளிக்கவேண்டிய 23 வினாக்கள் கொண்ட எம்-சாட்டில் இவ்விரண்டையும் வேறுபடுத்தும் வினாக்கள் இருக்கத்தான் செய்கின்றன. ஆயினும், தனக்கு விருப்பமானதை உங்களுக்குக் காட்டப் பிள்ளை விரலால் சுட்டுமா என்று வெள்ளைச்சட்டை அணிந்தவர் கேட்கும்போது, என் பிள்ளைக்கு என்ன வேண்டுமென்று எனக்குத் தெரிகிறதே என்ற நினைவோடு தாய் ‘ஓம்’ என்று சொல்லிவிடுவது இயல்பு. அதற்கும் மேலாக, நம் குடும்பங்களில் சந்தேகத்தைத் தணிக்கும் வாக்கியங்கள் ஏராளம். ஆண்பிள்ளை பிந்தித்தான் கதைப்பான் என்பார் அம்மம்மா; தகப்பனும் மூன்று வயதில்தான் வாய் திறந்தவராம் என்பார் அப்பப்பா; தனியே இருந்து மூடிகளை அடுக்கி விளையாடும் குழந்தைக்குக் குழப்படியில்லாத பிள்ளை என்ற நற்பெயரும் கிடைத்துவிடும். இவை அறியாமையின் விளைவுகள் என்று தள்ளிவிடத் தக்கவை அல்ல. இவற்றுட் சில பல பிள்ளைகளின் விஷயத்தில் உண்மையாகவும் முடிந்திருக்கின்றன என்பதனாலேயே அவற்றுக்கு அத்தனை வலிமை உண்டாகின்றது.

பேராசிரியை பெரேராவின் குழுவினர் இத்தோல்வியிலிருந்து பெற்ற பாடம் போற்றத்தக்கது. வாசகங்களைத் திருத்தி மொழிபெயர்ப்பதோடு நில்லாமல், ஓட்டிசமுள்ள பிள்ளைகளிடம் காணப்படும் நடத்தைகளைப் புகைப்படங்களாகத் தொகுத்து, உங்கள் பிள்ளை இப்படிச் செய்வதுண்டா என்று தாய்மாரிடம் காட்டிக் கேட்கும் கருவியொன்றை அவர்கள் உருவாக்கி, அதன் பெறுபேறுகளை 2017இல் வெளியிட்டனர். வினாவைக் கேட்டுக் கற்பனை செய்து விடைகாணும் சிரமம் நீங்கி, கண்டதைக் கண்டதென்று சொல்லும் நிலை ஏற்பட்டபோது, வினாக்கொத்து தவறவிட்ட இடத்தில் படங்கள் மிகப் பெரும்பாலான பிள்ளைகளைச் சரியாக இனங்கண்டன. தாய்மாரின் பார்வையில் அன்றிக் கேட்டவிதத்திலேயே குறை இருந்தது என்பதற்கு இதனினும் தெளிவான நிரூபணம் வேண்டுவதில்லை.

இனி, கண்டறிந்தபின் செய்வது யாது என்னும் இரண்டாவது கேள்விக்கு வருவோம். ஐக்கிய அமெரிக்காவின் ஜோன்ஸ் ஹொப்கின்ஸ் வைத்தியசாலையில் லியோ கானர் 1943இல் பதினொரு பிள்ளைகளைப் பற்றி எழுதிய கட்டுரையே இத்துறையின் தொடக்கம். அதன் பின் இருபது ஆண்டுகளுக்கு மேலாகத் தாயின் அன்பின்மையே காரணமென்னும் கொடிய அபிப்பிராயம் மேனாட்டில் செல்வாக்குப் பெற்றிருந்தது. 1967இல் புரூனோ பெற்றல்ஹைம் அதற்கு ஒரு நூலே எழுதினார். தாமே ஓட்டிசமுள்ள பிள்ளையின் தகப்பனாகிய பேர்னாட் றிம்லண்ட் 1964இல் வெளியிட்ட நூலில், இது மூளை வளர்ச்சி சார்ந்த நிலையென வாதித்து அக்கொள்கையின் அடித்தளத்தை அசைத்திருந்தார். ஆயினும் அப்பழியின் எச்சம் இன்னும் முற்றாக ஒழிந்துவிடவில்லை. வேலைக்குப் போகும் தாய் என்றும், கைபேசியைக் கொடுத்து வளர்த்தாள் என்றும் நம் உறவினர் இன்று பேசும் பேச்சில் அதே குரல் வேறு உடையில் வருகின்றது.

1987இல் கலிபோர்னியாவின் ஈவர் லோவாஸ் வெளியிட்ட ஆய்வே பயிற்சியின் சரித்திரத்தைத் திருப்பியது. கிழமைக்கு 40 மணித்தியாலம், இரண்டு ஆண்டுகளும் அதற்கு மேலும், ஒருவருக்கொருவராகப் பயிற்றப்பட்ட 19 பிள்ளைகளில் 9 பேர் சாதாரண வகுப்பில் சேர்ந்து சாதாரண அறிவுத்திறனும் எய்தினர் என்று அவர் அறிவித்தார். நம்பிக்கையற்றிருந்த பெற்றோருக்கு அது அமிர்தமாயிற்று. நாற்பது என்ற எண் அன்றுதொட்டு ஒரு மந்திரமும் ஆயிற்று. ஆனால் எந்தப் பிள்ளைக்கு எந்தப் பயிற்சி என்பது அவ்வாய்வில் திருவுளச்சீட்டுப் போன்ற முறையால் தீர்மானிக்கப்படாமல், பயிற்றுநர் கிடைத்தமைக்கு ஏற்பவே தீர்மானிக்கப்பட்டது. பிள்ளையை உரத்து அதட்டுவதும் சில சமயங்களில் தொடையில் அடிப்பதும் அந்தப் பயிற்சியின் அங்கங்களாக இருந்தன. இவ்விரு குறைகளையும் அறிந்த அடுத்த தலைமுறை ஆய்வாளர், தண்டனையை விலக்கி, மேசையிலிருந்து பிள்ளையை இறக்கி, விளையாட்டினூடே கற்பிக்கும் முறைகளை வகுத்தனர். அவற்றுள் சாலி றொஜர்ஸும் ஜெரால்டின் டோசனும் அமைத்த டென்வர் முறை, 2010இல் 48 பிள்ளைகளிடம் இரண்டு ஆண்டு பரீட்சிக்கப்பட்டபோது, அதைப் பெற்ற பிள்ளைகளின் அறிவுத்திறன் எண் சராசரியாக 17.6 புள்ளி உயர, மற்றப் பிள்ளைகளுக்கு 7 புள்ளியே உயர்ந்தது. அதே முறையை மூன்று நிலையங்களில் 118 பிள்ளைகளிடம் மீண்டும் பரீட்சித்து 2019இல் வெளியிட்டபோதோ, இரண்டு நிலையங்களில் மொழி வளர்ச்சியில் நன்மை தெரிந்ததேயன்றி, பொது அறிவு வளர்ச்சியிலும் ஓட்டிசத்தின் கடுமையிலும் இரு சாராருக்குமிடையே வேறுபாடு தோன்றவில்லை.

சிதறிக் கிடந்த பரீட்சைகளையெல்லாம் ஒருங்கு திரட்டி எடைபோடும் பணியை ஆய்வாளர் சாண்ட்பாங்க்கும் அவருடைய சகாக்களும் மேற்கொண்டனர். 2020இல் அவர்கள் வெளியிட்ட திரட்டில் 150 ஆய்வறிக்கைகளும் ஆறாயிரத்துக்கு மேற்பட்ட பிள்ளைகளும் அடங்குவர். எந்தப் பிள்ளை எந்தப் பயிற்சி பெற்றதென்று அறியாதவர்களால் மதிப்பிடப்பட்டவையும், சீட்டுப்போட்டுப் பிரித்தவையுமான உயர்தரப் பரீட்சைகளை மட்டும் வைத்துக்கொண்டபோது, எந்தவொரு முறையும் ஐயத்துக்கிடமின்றி வெற்றிபெற்றதாகச் சொல்ல முடியவில்லை. 2024இல் 144 ஆய்வுகளையும் ஒன்பதாயிரத்துக்கு மேற்பட்ட பிள்ளைகளையும் கொண்டு அவர்கள் செய்த மற்றொரு கணிப்பில், பயிற்சியின் மணிக்கணக்கு கூடக்கூடப் பயனும் கூடும் என்பதற்கு ஆதாரம் கிடைக்கவில்லை. பயிற்சியால் பிரயோசனமில்லை என்று இதற்குப் பொருள்கொள்வது பிழை. நாற்பது மணித்தியாலத்துக்குப் பணமில்லை என்பதற்காக எந்தப் பெற்றோரும் தம்மைத் தாமே நொந்துகொள்ளத் தேவையில்லை என்பதும், நாற்பது மணித்தியாலத்தை விற்பவர் அந்த எண்ணுக்குத் தகுந்த ஆதாரம் காட்டவேண்டும் என்பதுமே இதனாற் பெறப்படும்.

இந்தச் சந்தர்ப்பத்திலேயே, பிள்ளையை நேரே பயிற்றாமல் பெற்றோரைப் பயிற்றும் முறைகள் கவனத்துக்கு வருகின்றன. மன்செஸ்டரின் ஜோனதன் கிறீன் தலைமையில் பிரித்தானியாவில் 152 பிள்ளைகளிடம் நடந்து 2010இல் வெளியான ‘பாக்ட்’ என்னும் பரீட்சையில், தாயும் பிள்ளையும் சிறிது நேரம் விளையாடுவது வீடியோவில் பதிவாகிறது. பின்னர் சிகிச்சையாளரும் தாயும் சேர்ந்து அதைப் போட்டுப் பார்க்கின்றனர். பிள்ளை காரின் சில்லைச் சுழற்றிக்கொண்டிருக்கிறது. தாய், இது என்ன நிறம், இது என்ன, இங்கே பார் என்று அடுக்கடுக்காய்க் கேட்கிறாள்; பிள்ளை முதுகைத் திருப்பிக்கொள்கிறது. ஓரிடத்தில் தாய் களைத்துப்போய்ப் பேச்சை நிறுத்துகிறாள். அந்த மௌனத்தில் பிள்ளை ஒரு கணம் நிமிர்ந்து அவளைப் பார்த்துவிட்டுக் குனிகிறது. சிகிச்சையாளர் வீடியோவை அங்கே நிறுத்தி, இப்போது என்ன நடந்தது என்று கேட்கிறார். தாய் தன் கண்ணாலேயே அதைக் காண்கிறாள்: கேள்விகள் ஓய்ந்த இடத்தில்தான் பார்வை வந்தது. அடுத்த தடவை அவள் பக்கத்தில் இருந்து தானும் ஒரு சில்லைச் சுழற்றி, ‘சுத்துது’ என்று ஒரு சொல் மாத்திரம் சொல்லிக் காத்திருக்கிறாள். பயிற்சியின் சாரம் இவ்வளவே.

பரீட்சை முடிந்த காலத்தில், தாயின் பழக்கம் பெரிதும் மாறியிருந்தும் பிள்ளைகளின் ஓட்டிச இலட்சணங்களில் நிச்சயமான மாற்றம் தெரியவில்லை. பலர் அதைத் தோல்வியெனவே எண்ணினர். ஏறக்குறைய ஆறு ஆண்டுகளின் பின் அப்பிள்ளைகளில் 121 பேரை மீண்டும் கண்டு 2016இல் அறிவித்தபோது, கடுமையான இலட்சணமுடையோர் பயிற்சி பெற்ற குழுவில் நூற்றுக்கு 46 பேராகவும் மற்றக் குழுவில் 63 பேராகவும் இருந்தனர். பயிற்றுநர் போன பின்பும் தாய் பிள்ளையுடன்தான் இருக்கிறாள் என்பதைத் தவிர இத்தகைய நெடுநாட் பயனுக்கு வேறு காரணம் கற்பிப்பது கடினம்.

அதே முறையைத் தென்னாசியாவுக்கு ஏற்றபடி எளிமையாக்கி, கோவாவிலும் பாகிஸ்தானின் ராவல்பிண்டியிலும் 65 பிள்ளைகளிடம் பரீட்சித்தனர். இங்கே பயிற்சி அளித்தவர்கள் நிபுணர்கள் அல்லர். அதற்கெனப் பழக்கப்பட்ட சாதாரண சுகாதார ஊழியர்கள், பன்னிரண்டு அமர்வுகளில் அதைச் செய்தனர். பெற்றோர் பிள்ளையின் போக்குக்கு இசைவது கூடியது. பிள்ளை தானாகவே பேச்சையோ சைகையையோ தொடங்குவதும் கூடியது. இணைந்த கவனத்தில் கழிந்த நேரம் மட்டும் எதிர்பார்ப்புக்கு மாறாகக் குறைந்தது. அந்தக் குறைவையும் மறையாமல் 2016இல் எழுதி வெளியிட்டமை அவ்வாய்வின் நம்பகத்தை உயர்த்துகிறதே தவிரத் தாழ்த்தவில்லை. அதே ஆண்டில் பெரேராவின் குழுவினர், புதிதாக நிர்ணயிக்கப்பட்ட பிள்ளைகளின் தாய்மாரைப் பழக்கி வீட்டிலேயே மூன்று மாதம் நடத்திய பயிற்சியின் பெறுபேறுகளை, அப்பயிற்சி பெறாத பிள்ளைகளின் நிலையோடு ஒப்பிட்டு வெளியிட்டனர். சீட்டுப்போட்டுப் பிரிக்கப்படாத குழுக்களாதலின் அதனைக் கொண்டு அறுதியிட்டுச் சொல்லுதல் இயலாது. எனினும், இலங்கைத் தாய்மார் தம் வீட்டுக்குள், தம் வேலைகளினூடே இதைச் செய்யக்கூடியவர்கள் என்பதும், பிள்ளைகள் தெளிவாக முன்னேறினர் என்பதும் அதனால் தெரியவந்தன.

மூன்றாவது கேள்வி பாஷை பற்றியது; அது வெள்ளவத்தைக்கு மற்றெந்த இடத்தையும்விட நெருங்கியது. வீட்டில் தமிழ், முன்பள்ளியில் ஆங்கிலம், காலி வீதிக் கடையிலும் பஸ்ஸிலும் சிங்களம் என்று மூன்று பாஷைகள் நடுவே வளரும் பிள்ளைக்குப் பேச்சுத் தாமதமானால், ஒரு பாஷையோடு நிறுத்துங்கள் என்றும், நிறுத்துவதானால் ஆங்கிலத்தோடு நிறுத்துங்கள் என்றும் பெற்றோருக்குப் பல திசைகளிலிருந்தும் புத்திமதி வருகின்றது. கனடாவில் ஹம்ப்ளியும் ஃபொம்பொனும் ஓட்டிசமுள்ள 75 பிள்ளைகளை ஆராய்ந்து 2012இல் வெளியிட்ட பெறுபேறு இதற்கு நேர்மாறானது: இரு பாஷைகளைக் கேட்டு வளர்ந்தோர் ஒரு பாஷையைக் கேட்டு வளர்ந்தோரைவிட மேலும் பின்தங்கியிருக்கவில்லை. முன்னே கூறிய வீடியோவை இவ்விடத்தில் நினைவுகூர்ந்தால் காரணம் விளங்கும். பிள்ளையின் ஒரு கணப் பார்வைக்குத் தாய் கணமும் தாமதியாது மறுமொழி கூற வேண்டுமானால், அது அவளுக்குக் கூச்சமின்றி வாயில் வரும் பாஷையாக இருக்கவேண்டும். பள்ளிக்கூடத்தில் கற்ற ஆங்கிலத்தில் அவள் ‘வட் கலர்?’ என்று பரீட்சைதான் வைக்க முடியும். கொஞ்சவும் சீண்டவும் பாடவும் அவளுக்குத் தமிழே உண்டு. அம்மம்மாவையும் அந்தச் சம்பாஷணையிலிருந்து விலக்கிவிட்டால், பிள்ளைக்கு நாளொன்றில் மிகுதியான அவகாசத்தோடு கதைக்கக்கூடிய ஒருவரும் இல்லாமற்போகிறார்.

ஆனால் தமிழில் இவற்றைக் கற்பிப்பவர் எங்கே? பேச்சு மொழிச் சிகிச்சையில் பட்டம் வழங்கும் களனிப் பல்கலைக்கழக மருத்துவபீடம் ராகமையில் இருக்கின்றது. பொரளையிலுள்ள சீமாட்டி றிஜ்வே சிறுவர் வைத்தியசாலையில் நிபுணர்கள் இருக்கின்றனர். தமிழில் சரளமாகச் சிகிச்சையளிப்போரோ தேவைக்கு மிகக் குறைவு. தமிழ்நாட்டின் தென்காசிப் பக்கத்து ஆய்க்குடியில், முதுகுத்தண்டு முறிந்து கைகால் இயக்கம் இழந்த எஸ். இராமகிருஷ்ணன் 1981இல் தொடங்கிய அமர் சேவா சங்கம் காட்டும் வழி இங்கே கருதத்தக்கது. வளர்ச்சியில் பின்தங்கிய சிறுபிள்ளைகளின் வீடுகளுக்கு அவ்வூர்ப் பெண்களே பயிற்சி பெற்ற ஊழியர்களாகச் செல்கின்றனர். அவர்கள் கைபேசிச் செயலியில் பதியும் விவரங்களைத் தொலைவிலிருக்கும் சிகிச்சையாளர்கள் பார்த்து வழிநடத்துகின்றனர். நிபுணர் சிலராயிருப்பினும் அவர்களுடைய அறிவைப் பலரிடம் எட்டச்செய்யலாம் என்பதற்குத் தமிழிலேயே நடக்கும் சான்று இது.

இவ்வழியில் ஓர் அபாயமும் உண்டு. அதை மறைத்தல் தகாது. எல்லாவற்றையும் தாயிடம் ஒப்படைத்துவிட்டு, பிள்ளை பேசாவிடில் நீ சரியாகப் பழகவில்லை என்று சொல்லும் நிலை ஏற்படுமாயின், பெற்றல்ஹைம் முன்வாசலால் வெளியேறிப் பின்வாசலால் நுழைந்தவராவார். தகப்பனையும் பேரன் பேத்தியாரையும் சேர்த்துப் பழக்குவதும், தாயின் களைப்பையும் ஒரு பெறுபேறாக அளந்து எழுதுவதும் ஆய்வாளரின் கடமை. வளர்ந்துவிட்ட ஓட்டிசமுடையோர் எழுப்பும் ஆட்சேபமும் செவிமடுக்கத் தக்கது: கண்ணைப் பார்க்கும்படி வற்புறுத்தியும் கையசைவை அடக்கியும் பெற்ற ‘முன்னேற்றம்’ பார்ப்போருக்கே ஆறுதலளித்தது என்கின்றனர் அவர்கள். பயிற்சியின் இலட்சியம் பிள்ளையை மற்றப் பிள்ளைகளைப்போல் தோன்றச்செய்வதன்று. தன் வேண்டுதலையும் வேதனையையும் மகிழ்ச்சியையும் பிறருக்குத் தெரிவிக்க அதற்கு ஒரு வழி அமைத்துக் கொடுப்பதாகும்.

நம் நாட்டில் இதற்கு வேண்டிய அஸ்திவாரம் முன்னரே இடப்பட்டிருக்கின்றது. 1926இல் களுத்துறையில் தொடங்கிய சுகாதாரப் பிரிவு முறையின் வழிவந்த ஏற்பாட்டினால், குடும்பநல உத்தியோகத்தர் வீட்டுக்கு வருகிறார். பிள்ளையின் சுகாதாரப் பதிவேடு தாயின் கையில் இருக்கிறது. 18ஆம் மாதத்தில் முக்கூட்டுத் தடுப்பூசிக்கும் போலியோச் சொட்டுமருந்துக்கும் ஏறக்குறைய ஒவ்வொரு பிள்ளையும் ஏதேனுமொரு கிளினிக்குக்குக் கொண்டுவரப்படுகிறது. வெள்ளவத்தையில் மாநகரசபைக் கிளினிக்கை விட்டுத் தனியார் வைத்தியசாலையில் ஊசி போடுவோர் பலர் என்பதால், அங்கும் இதே ஏற்பாடு வேண்டும். அந்த நாளில் படங்களைக் காட்டி, பிள்ளை தான் கண்டதைச் சுட்டி உங்கள் முகத்தைப் பார்ப்பதுண்டா என்று கேட்பதற்குச் சில நிமிஷம் போதும். சந்தேகமுள்ள தாய்க்கு நிபுணரிடம் திகதி கிடைக்கும்வரை வெறுங்கையோடு காத்திரு என்று சொல்லாமல், பிள்ளையின் போக்கில் விளையாடும் முதற்பாடத்தை அன்றே தமிழில் தொடங்கிவிடலாம். சந்தேகம் பொய்த்தாலும் அப்பாடத்தால் எந்தப் பிள்ளைக்கும் கேடில்லை.

அவ்வாறு தொடங்குவதோடு பரீட்சையும் தொடரவேண்டும். வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனைத் தமிழ்க் குடும்பங்களைச் சீட்டுப்போட்டுப் பிரித்து, ஒரு சாராருக்கு உடனடியாகவும் மற்றவர்க்குச் சில மாதம் பிந்தியும் இப்பயிற்சியை அளித்து, வேறுபாடறியாத மதிப்பீட்டாளர்களைக் கொண்டு அளந்து, கிடைத்ததையும் கிடைக்காததையும் எழுதிவைக்கும் ஆய்வொன்றுக்குப் பெரும் கட்டடமோ அரிய யந்திரமோ தேவையில்லை. பல்கலைக்கழகமும் மாநகரசபையும் ஒரு மேசையில் அமர்ந்தால் அது நடக்கும். அவ்வாய்வு அமையும்வரை, கோவாவின் விடையையும் மன்செஸ்டரின் விடையையும் கடன் வாங்கியே நம் பிள்ளைகளுக்கு வைத்தியம் செய்துகொண்டிருப்போம்.